விரலுக்குப் பிடிபடாத சீட்டு

பழைய கட்டை மாற்றியதற்குக் காரணம் பீர்.
டுவேனின் முழங்கை தட்டி
ஆட்டின் ராணி ஊறி உப்பி
காய்ந்தபின் ஓடம்போல் வளைந்துகொண்டாள்.
அவள் யார் கையில் இருக்கிறாள் என்று
மேஜையைச் சுற்றி ஐந்து பேருக்கும் தெரியும்.
தெரியாத மாதிரியே பந்தயம் கட்டினோம்.
டலூத்தின் பனிக்காலத்தில்,
ஹீட்டர் ஒரு பக்கத்தை மட்டும் சுடும் கார் ஷெட்டில்,
வியாழக்கிழமை கௌரவம் என்பது
ஏறக்குறைய அவ்வளவுதான்.

புதுசு வாங்கும் வேலை என் தலையில்.
துறைமுகத்தில் இரும்புத்தாது ஓடும் பெல்ட்டுக்கு
ஒட்டுப் போடுகிறவளுக்கு
பிளாஸ்டிக் தெரியும் என்று இவர்கள் நினைப்பு.

தெரிந்துகொண்டேன்.
பூச்சுப் பூசிய காகிதத்தையும் பிளாஸ்டிக் என்றே விற்கிறார்கள்,
முலாம் வளையலைத் தங்கம் என்பதுபோல.
அசலை வில்லாய் வளைத்து விட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் மேஜையில் படுக்கும்.
ரொம்ப வழவழப்பும் ஆகாது;
முதலில் வந்த கட்டு
கெண்டை மீனாய்த் துள்ளி டுவேன் மடியில் விழுந்தது.
திருப்பி அனுப்பினேன்.
அடுத்ததில், முதுகின் வெள்ளை ஓரம்
ஒரு பக்கம் மயிரிழை அகலம்.
களவுக்கு மயிரிழை போதும். அதுவும் போனது.
மூன்றாவது தேறியது.
சிவப்பொன்று நீலமொன்று, இரட்டைக் கட்டு,
மார்லிஸின் சின்னக் கைக்கு ஏற்ற ஒடுக்கம்,
விரல் நிற்கிற அளவுக்குச் சொரசொரப்பு.
சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கலாம்.
நாற்பத்திரண்டு டாலர்.
ஆளுக்கு எட்டு, மிச்சம் இரண்டும் என்னுடையது.

எழுத்தின் அளவை மட்டும் யோசிக்கவில்லை.

கலைக்கும்போது சத்தமே வேறு.
காகிதம் முணுமுணுக்கும்;
இது தகரக் கூரையில் ஆலங்கட்டி.
ஐம்பத்திரண்டுக்கும் ஒரே முதுகு,
ஒன்றிலும் தழும்பில்லை.
ரெய்னோ தன் ஐந்தை எடுத்து
கட்டைவிரலால் ஓரம் தடவினான்.
மறுபடி தடவினான்.
வருஷக்கணக்காய்ச் செய்வதுதான்,
பழக்கதோஷம் என்று விட்டிருந்தோம்.

நாலாவது ஆட்டத்தில் "ஃப்ளஷ்" என்று விரித்தான்.
நாலு இஸ்பேட், ஒரு கிளாவர்.
மார்லிஸ் சிரித்தாள்.
ஏழாவதிலும் அப்படியே விரித்தான்.
அப்போது ஹீட்டர் மட்டும் சத்தம் போட்டது.

மூலை மடிந்த ஏஸ்,
நகம் கீறிய ஒன்பது,
காப்பி குடித்த ராஜா.
நாங்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டதையெல்லாம்
இவன் விரலால் படித்து வந்திருக்கிறான்.
டுவேனின் வாய்வரை ஒரு சொல் வந்தது;
பீரோடு விழுங்கிக்கொண்டான்.

"எத்தனை நாளாய்?" மார்லிஸ் கேட்டாள்.
"நடுவில் மட்டும்தான் போச்சு.
ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது."
கொஞ்சம் பொறுத்து,
"ரோட்டுக்கு ஓரம்தானே முக்கியம்."

யாரும் சிரிக்கவில்லை.
லைல் ஜன்னலைப் பார்த்தான்.
ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டத் தொடங்கியிருந்தது.
விடிகாலை நாலு மணிக்கு
பனி வாரும் லாரியை எடுக்க வேண்டியவன் ரெய்னோ;
பள்ளிக்கூடப் பஸ் போகும் மேட்டுச் சாலை அவனுடையது.

பங்கு போடும் முறை எனக்கு. போட்டேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
அவன் போன் மேஜையில் குப்புறக் கிடந்தது.
எல்லாரும் அதையே பார்த்தோம்,
கடைசிச் சீட்டைப் பார்ப்பதுபோல.
மூன்று ஆட்டம் அவன் கையை மடக்கினான்.
பிறகு போனை மார்லிஸ் பக்கம் தள்ளி
"டிப்போ நம்பர் போட்டுக் குடு" என்றான்,
"எழுத்து பொடிசாயிருக்கு."

பேச வெளியே போனான், கோட்டு இல்லாமல்.
நாங்கள் சீட்டைத் தொடவில்லை.
லைல் மட்டும் எழுந்து போய்க் கோட்டைக் கொடுத்துவிட்டு வந்தான்.

பெரிய எழுத்துக் கட்டு செவ்வாய்க்கிழமை வரும்.
அதே கம்பெனி, அதே சொரசொரப்பு,
மூலையில் எண் கட்டைவிரல் அகலம்.
இதற்கான எட்டு டாலரையே
ரெய்னோ இன்னும் தரவில்லை.